நான்காவது பட்டை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தேன்மொழி விமானக் கேப்டன் ஆகிவிட்டாள் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தோளில் நாலு பட்டையோடு அவளைப் பார்க்க அவ்வளவு பெருமையாக இருக்கிறது. எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாகத் தெரிகிறது.

விமானம் கிளம்பலாமா என்று முடிவு செய்வது அவளா, கம்பெனியா என்று கேட்டிருந்தாய். சட்டப்படி அவள்தான். எரிபொருள், வானிலை, எடைக் கணக்கு, என்னைப் போன்ற இன்ஜினீயர்கள் டெக் லாக் என்ற விமானப் பதிவேட்டில் எழுதி வைக்கும் பழுதுகள் என எல்லாவற்றையும் பார்த்து ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர் கேப்டன். சில பாகங்கள் வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம் என்று எம்.இ.எல். பட்டியல் அனுமதி தரும். ஆனால் பறந்தே ஆக வேண்டும் என்று அது சொல்வதில்லை. 'இன்றைய வானிலைக்கு இந்தப் பழுதோடு போக மாட்டேன்' என்று அவள் மறுக்கலாம்.

அந்த உரிமை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் போகும் என்பதற்கு, கனடாவில் 1989 மார்ச் 10 அன்று நடந்ததை அவளுக்குச் சொல். ஏர் ஒன்டாரியோவின் ஃபாக்கர் எஃப்-28 விமானம். அதில் ஏ.பி.யு. என்ற சிறு துணை எஞ்சின் பழுது. அது இல்லாவிட்டால், நிறுத்திய எஞ்சினை மறுபடி கிளப்ப வெளியிலிருந்து உதவி வேண்டும். தண்டர் பே நிலையத்தில், ரத்தான வேறொரு விமானத்தின் பயணிகளையும் ஏற்றியதால் எடை கூடிவிட்டது. கூடுதலாக ஏறியவர்களை இறக்கிவிடலாம் என்றுதான் கேப்டன் நினைத்தார். கம்பெனியின் கட்டுப்பாட்டு அறை, எரிபொருளை இறக்கச் சொன்னது. அவரும் ஒத்துக்கொண்டார். என்னைக் கேட்டால், அன்றைய முக்கியமான முடிவு அதுதான்.

எரிபொருளைக் குறைத்ததால், அடுத்து இறங்கிய டிரைடன் நிலையத்தில் மறுபடி நிரப்ப வேண்டியதாயிற்று. அங்கே எஞ்சினைக் கிளப்பும் வசதி இல்லை. அதனால் ஒரு எஞ்சினை ஓடவிட்டபடியே நிரப்பினார்கள். பனி கொட்டத் தொடங்கியது. அந்த விமானத்தில் எஞ்சின் ஓடும்போது இறக்கையில் டி-ஐசிங், அதாவது திரவம் தெளித்துப் பனியை நீக்கும் வேலை, செய்யக் கூடாது. எஞ்சினை நிறுத்தினால் அத்தனை பேரும் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். போதாததற்கு, ஒரு சிறு விமானம் இறங்கும்வரை காத்திருக்கவும் நேர்ந்தது. இறக்கையில் பனியோடு கிளம்பிய விமானம், ஓடுபாதையைத் தாண்டியதும் மரங்களில் மோதியது. 69 பேரில் 24 பேர் போய்விட்டார்கள், இரண்டு பைலட்டுகளும் சேர்த்து.

விபத்தை விசாரித்த நீதிபதி மொஷான்ஸ்கி ஆணையம் 1992இல் அறிக்கை தந்தது. கிளம்பிய முடிவுக்குப் பொறுப்பு கேப்டனுடையது என்று சொன்னது. அவரை அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்திய அமைப்பும் தவறியது என்று சேர்த்தே சொன்னது. முழுக்கக் கேப்டன் மேலேயே போட்டுவிட்டு நகர்ந்துவிடாத அந்தத் தீர்ப்பு மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அதனால் தேன்மொழி மறுப்பதாக இருந்தால் முதல் படியிலேயே மறுக்கட்டும். தாமதம் ஏற ஏற மறுப்பது கஷ்டமாகிவிடும். இன்னொன்றும் உண்டு. அன்று இறக்கையில் பனி இருப்பதைப் பணிப்பெண் பார்த்தார். பயணிகளாக வந்திருந்த பைலட்டுகளும் பார்த்தார்கள். யாரும் காக்பிட்டுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் கேபின் ஆட்களிடம், 'எது கண்ணில் பட்டாலும் உடனே என்னைக் கூப்பிடுங்கள்' என்று அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னபடி யாராவது கூப்பிட்டால், எவ்வளவு அவசரத்திலும் எரிந்து விழக் கூடாது.

பொங்கலுக்கு அவளுக்கு லீவு கிடைத்தால் மூன்று பேரும் இங்கே வாருங்கள். தேதியை முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
முருகேசன்