இஸ்தோப்பு இல்லாத வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் முற்றங்களையும் கண்டியச் சாய்கூரைகளையும் எடுத்துக்காட்டி, இன்றைய கட்டடக்கலையில் நம் மரபு தொடர வேண்டும் என்று தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். மலையகத்தைப் பற்றிய அக்கட்டுரையில் தேயிலைத் தோட்டத்து மக்களின் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது உறுத்தியது.

லயம், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த தொழிலாளர் குடியிருப்பு, எங்கள் மரபு என்று நான் சொல்லவரவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவை (அறையை) எங்கள் முன்னோர் விரும்பிக் கட்டிக்கொள்ளவில்லை. கோப்பிக் காலத்தில் துரைமார் கட்டிக் குடிவைத்தது அது, இடிக்கப்பட வேண்டியதே. ஆனால் அதற்குள் ஐந்தாறு தலைமுறை வாழ்ந்தவர்கள் தமக்கென்று சில ஒழுங்குகளை உண்டாக்கிக்கொண்டார்கள். வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பு அவற்றில் முதன்மையானது. வந்தவரை உட்கார வைப்பதும், பிள்ளைகள் பாடம் படிப்பதும், இறந்தவரைக் கிடத்துவதும் அங்கேதான்.

எங்கள் தோட்டத்தில் இப்போது 7 பேர்ச்சஸ் காணியில் இஸ்தோப்பு இல்லாத 550 சதுர அடித் தனி வீடுகள் எழுந்துள்ளன. சொந்தக் காணி கிடைத்ததன் அருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எனினும், சென்ற ஆடியில் அவ்வீடொன்றில் ஒரு மூதாட்டி இறந்தபோது, வாசலுக்கும் மண்வெட்டிய சரிவுக்கும் இடையே நான்கு பேர் நிற்கவே இடமின்றி, துக்கத்துக்கு வந்தவர்கள் கொட்டும் மழையில் பாதையோரத்தில் குடைபிடித்து நின்றார்கள். விறகடுப்புக்கு இடமில்லாத சமையலறையை விட்டு, வீட்டின் பின்னால் பழைய தகரத்தில் ஒரு சாய்ப்பு இறக்கிச் சமைக்கிறார்கள். விடியற்குளிரில் குடும்பமே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடிக்கும் வழக்கமும் அந்தச் சாய்ப்புக்கே போய்விட்டது.

குடியிருப்பவரின் வாழ்க்கைக்கேற்ப வீடு கட்டுவதற்கு வெளிநாட்டு முன்மாதிரி எதையும் தேட வேண்டியதில்லை. கண்டியைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா, வீட்டுக் கதவுகளில் தும்பறை எனும் மரபுவழிப் பாய் நெசவைப் பதித்தவர் என்றே பலரும் நினைவுகூர்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, 1950களில் கண்டியின் வட்டாபுலுவ வீடமைப்புத் திட்டத்துக்கு வரைபடம் போடுமுன், குடியேற இருந்த அரச ஊழியர்களிடம் அவர்களுடைய அன்றாடப் பழக்கவழக்கங்களைக் கேட்டறிந்து, அதற்கேற்ப வெவ்வேறு வகை வீடுகளை அவர் வடிவமைத்ததுதான். எழுதுவினைஞருக்குக் கிடைத்த அந்த மரியாதை கொழுந்து பறிப்பவருக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

அடுத்த கட்ட வீடுகளை வரையவிருக்கும் அதிகாரிகள், மாலையில் கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்பும் பெண்களிடம் அரைமணி நேரம் பேசட்டும். அடுப்பு எந்தப் பக்கம், விறகு எங்கே, சாமி மூலை எது, அடைமழை நாளில் ஈரத்துணியை எங்கே போடுவது என்பதை அவர்கள் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர் ஒருவர்,
ஹட்டன்.