மேட்டுப் பாதையா, ஆற்றுப் பாதையா

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். போன வாரம் அப்பாவின் கைப்பேசிக்கு நீ அனுப்பிய இரண்டு சைக்கிள் பாதை வரைபடங்களும் வந்து சேர்ந்தன. கூடவே ஒரு வரிகூட இல்லை. வேலை நெருக்கடி போலும் என்று எடுத்துக்கொண்டோம். அப்பா அவற்றைக் கடையில் கொடுத்துப் பெரிய தாளில் அச்சடித்து வாங்கி வந்து, சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். இப்போது நாங்கள் காலையில் பசியாறுவதே ஜெர்மனியின் டௌபர் ஆற்றங்கரையில்தான்.

நீ எங்களிடம் கருத்துக் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஆற்றுப் பாதையிலேயே போ. ரோத்தன்புர்க்கில் தொடங்கி, டௌபர் ஆறு மைன் ஆற்றில் கலக்கும் வெர்ட்ஹைம் வரை, நீரோட்டத்தோடு மெல்ல இறங்கிச் செல்லும் அந்தப் பாதை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மற்றது மேடுகளிலும் காடுகளிலும் ஏறி இறங்கிச் செல்வது, ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நீ இரண்டாவதன் மீது சிவப்புக் கோடு போட்டிருப்பதைப் பார்த்ததிலிருந்து அப்பா அதைப் பற்றிப் பேசவில்லை, நான் வேறெதைப் பற்றியும் பேசவில்லை.

ஆற்றுப் பாதை பெரும்பாலும் தார் போட்டது, அதில் ஓட்டுவதற்கா கிராவல் சைக்கிள் வாங்கினேன் என்று நீ கேட்பாய் என்பது தெரியும். சரளைச் சடக்கில் ஓட்டுவதற்கென்றே அவ்வளவு விலையில் ஒரு வண்டி விற்கிறார்கள் என்பதை நான் இன்னமும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் உன் தாத்தா இரண்டு பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு, செம்மண் சடக்கில் ஒரு பழைய ராலே வண்டியைத்தான் ஓட்டினார். அது கிடக்கட்டும். ஊர்களுக்கு மேலே சரிவுகளில் திராட்சைத் தோட்டங்களின் நடுவே விவசாயிகளின் வண்டிப் பாதைகள் இருக்கின்றன. ஓர் ஊரில் ஏறி அடுத்த ஊரில் இறங்கினால் உனக்குச் சரளையும் கிடைக்கும், கண்ணெதிரே கீழே வீடுகளும் இருக்கும். தலைமுறை தலைமுறையாக அந்தச் சரிவுகளில் பொறுக்கியெடுத்த கற்களை நீளவாக்கில் குவித்து வைத்திருக்கும் மேடுகளையும் அங்கேதான் பார்க்க முடியும். காட்டுக்குள் என்ன இருக்கிறது? மரம் இருக்கிறது. விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை.

இன்னொரு செய்தியை அப்பா கண்டுபிடித்தார். வைகர்ஸ்ஹைமிலிருந்து வெர்ட்ஹைம் வரை ஆற்றை ஒட்டியே ரயில் போகிறது. கால் வலித்தாலும் மழை பிடித்தாலும் வண்டியோடு ஏறிக்கொள்ளலாம். ரோத்தன்புர்க்கிலிருந்து வைகர்ஸ்ஹைம் வரையுள்ள மேல்பகுதியில் ஆற்றோரம் ரயில் கிடையாது. ஆகவே முதல் நாளில்தான் அதிகக் கவனம் வேண்டும். அந்த நாளை ஞாயிற்றுக்கிழமையில் வைக்காதே. அந்த நாட்டில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும் என்று நீதான் முன்பு சொன்னாய். அவசர எண் 112 என்பதைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதிப் பையில் வை.

மேல்பகுதியில் பாறை சுண்ணாம்புக்கல், சரளையும் அதுவே. மழை பெய்தால் அந்த மாவு குழைந்து வழுக்கும் என்கிறார் அப்பா. பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டுகள் சடக்குப் போட்டவர் சொல்வதைக் கேள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடு, வளைவுக்குள் முன் பிரேக்கை இறுகப் பிடிக்காதே. வெர்ட்ஹைமை நெருங்கும்போது பாறை சிவப்பு மணற்கல்லாக மாறிவிடும்; பிரோன்பாஹ் மடமும் வெர்ட்ஹைம் கோட்டையும் அந்தச் சிவப்பில் கட்டியவைதான். வலப்பக்கமாகவே ஓட்டு. இத்தனை வருடங்களாக அங்கே இருப்பவளுக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று உன் தம்பி சிரிக்கிறான். தலைக்கவசம் அந்த நாட்டுச் சட்டத்தில் கட்டாயமில்லை என்றும் அவன்தான் சொன்னான். நம் வீட்டுச் சட்டத்தில் கட்டாயம்.

டயர் விஷயத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன் வண்டியில் டியூப் இல்லை. அதற்குப் பதிலாக டயருக்குள் ரப்பர் பால் கலந்த ஒரு திரவத்தை ஊற்றி வைக்கிறார்கள், முள்ளோ கூரான கல்லோ குத்தினால் அது ஓட்டைக்கு ஓடிவந்து உறைந்து அடைத்துக்கொள்கிறது. பால்மரக் காட்டில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பால் என்றால் பால்தான். சில மாதங்களில் உள்ளேயே காய்ந்து சவ்வாக ஒட்டிக்கொள்ளும், பிறகு குத்தினால் அடைக்காது. சக்கரத்தைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே சளசளவென்று கேட்க வேண்டும். முன்பெல்லாம் அளவு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அதை ஊற்றுகிறவர் மாப்பிள்ளை; நீ டயரைப் பிடித்துக்கொண்டிருப்பாய். இந்த முறை யார் ஊற்றியது? கடையில் கொடுத்தாயா?

நீ கடைசியாக அனுப்பிய படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடியில் ஒரு பை, சட்டத்தின் நடுவில் ஒரு பை, இருக்கைக்குப் பின்னால் ஒரு பை. நீல நாடா சுற்றிய காற்றுப் பம்பு, முன்பு மாப்பிள்ளையின் வண்டியில் இருந்த அதே பம்பு, இப்போது உன் வண்டியில் கட்டியிருக்கிறது. அவர் தமக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டிருப்பார். இவ்வளவு சுமையையும் நீயே இழுப்பதாக இருந்தால் மேட்டுப் பாதை வேண்டவே வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

ஊர்களைப் பற்றி நானும் படித்தேன். கிரெக்லிங்கனுக்குச் சற்று வெளியே ஒரு சிறிய தேவாலயம். அதில் 1500களின் தொடக்கத்தில் டில்மான் ரீமன்ஷ்னைடர் செதுக்கிய மரியன்னையின் பீடம், வண்ணம் பூசாத வெறும் மரம். சமயச் சீர்திருத்தக் காலத்தில் அதை மூடிவிட்டார்கள். பிறகு 1832இல்தான் திறந்தார்களாம். டௌபர்ரெட்டர்ஸ்ஹைமில் பல்தாசர் நோய்மன் 1733இல் கட்டிய கற்பாலத்தை அப்பாவுக்காக நன்றாகப் படம் எடுத்து அனுப்பு. வளைவுகளை மட்டும் எடுத்தால் போதாது, தூண் தண்ணீரில் இறங்கும் இடமும் தெரிய வேண்டும் என்கிறார். பாட் மெர்கென்ட்ஹைமில் டியூட்டானிக் சபை என்ற கிறித்தவப் போர்வீரர் சபையின் அரண்மனை இருக்கிறது. 1809இல் நெப்போலியன் கலைக்கும் வரை அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். எனக்கு அரண்மனைகளில் ஆர்வமில்லை.

ஆனால் நிக்லாஸ்ஹௌசனில் கட்டாயம் இறங்கு. 1476இல் அந்தச் சின்னஞ்சிறு ஊரில், மத்தளம் அடித்துத் திரிந்த ஆட்டிடையன் ஹான்ஸ் போம், காடும் நீரும் மேய்ச்சல் நிலமும் எல்லாருக்கும் பொது, பிரபுவும் குருவும் மற்றவர்களைப் போல உழைத்துச் சாப்பிட வேண்டும் என்று பேசத் தொடங்கினான். அதைக் கேட்க ஆயிரக்கணக்கான குடியானவர்கள் வேலையைப் போட்டுவிட்டு நடந்தே வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டில் வூர்ட்ஸ்புர்க் பிஷப் அவனைப் பிடித்து எரித்துவிட்டார். பெரிய விவசாயிகள் கிளர்ச்சி அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1525இல் வந்தது. தான் பால் வெட்டிய மரத்தில் ஒன்றுகூடச் சொந்தமில்லாமல் போய்ச் சேர்ந்த உன் தாத்தாவுக்கு இந்தக் கதையை யாராவது சொல்லியிருந்தால் அவர் இரவெல்லாம் உட்கார்ந்து கேட்டிருப்பார். முப்பத்திரண்டு வருடங்கள் தமிழ்ப்பள்ளியில் வரலாறு நடத்தியும் எனக்கு இந்த வயதில், உன்னுடைய வரைபடத்தால்தான் இது தெரிந்தது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனபோது பழைய ஆசிரியைகளிடம் இதைச் சொன்னேன். உங்கள் மகளா தனியாக அங்கெல்லாம் ஓட்டுகிறாள் என்று வியந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒருத்தி, ஏன் தனியாக என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான், எதையாவது கேட்பாள்.

தம்பியின் வீடு குடிபுகுதலுக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்றாய். சைக்கிளுக்குக் கிடைத்திருக்கிறது. சரி, அதை நான் மீண்டும் எழுதப் போவதில்லை. வந்திருந்தால் உறவினர்கள் எல்லாரும் இருவரையும் கேட்டிருப்பார்கள், அதற்குப் பதில் சொல்வது களைப்பான வேலை என்பதும் எனக்குத் தெரியும். டிசம்பரில் வந்தால் வீட்டில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். அப்பா பாலிக் பூலாவ் வயல்வெளிப் பாதையில் உன்னோடு ஓட்டுவதற்காகத் தன் சைக்கிளுக்குப் புதுச் சங்கிலி போட்டுவிட்டார்.

உணவைத் தவிர்க்காதே. அந்தப் பக்கத்தில் முற்றாத ஒருவகைக் கோதுமையை அறுத்து அனலில் உலர்த்திய க்ரூன்கெர்ன் என்ற தானியத்தில் சூப்பு வைப்பார்களாம். நம் கஞ்சி போலத்தான் இருக்கும், சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு நல்லது. மாலை ஐந்து மணிக்கு மேல் ஓட்டாதே. ஒவ்வொரு ஊரிலும் சேர்ந்ததும் ஒரு செய்தி போடு, படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மீண்டும் சொல்கிறேன், ஆற்றுப் பாதை.

தேதி முடிவானதும் எழுது. வைகர்ஸ்ஹைமில் எடுத்திருக்கும் அறை ஒருவருக்கா, இருவருக்கா என்று அப்பா கேட்கச் சொன்னார். வாடகையைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா