அறுபதாம் கல்யாணம் இந்த ஆவணியிலேயே நடக்கட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

"டெட் பிரச்சனை முடியட்டும்மா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று, என் ஆசிரியர் தகுதித் தேர்வை (டெட்) நினைத்து நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். அறுபதாம் கல்யாணத்தை அப்படித் தள்ளிப்போட முடியாது கண்ணு. அப்பா பிறந்தது பராபவ வருஷம், ஆவணி மாசம், உத்திரட்டாதி. அறுபது வருஷம் சுற்றி அதே பராபவ இந்த 2026 சித்திரையில்தான் பிறந்திருக்கிறது. வருஷம், மாசம், நட்சத்திரம் மூன்றும் சேரும் நாள்தான் கணக்கு. சர்டிபிகேட்டில் இருக்கும் இங்கிலீஷ் தேதிக்கு மண்டபம் பிடித்துவிட்டு, சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் நாள் வேறு என்று சொன்ன பிறகு அலைகிறவர்கள் நிறைய.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தந்த தீர்ப்புப்படி, ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு வருஷத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் கட்டாய ஓய்வு. எனக்கு ஓய்வு 2032-ல், அதனால் நானும் எழுதியாக வேண்டும். மறுசீராய்வு மனு போட்டிருக்கிறார்கள் என்பதை நம்பிப் புத்தகத்தை மூடிவைக்க மாட்டேன். முதல் தாளில் 150 கேள்வி, தவறான விடைக்கு மார்க் குறைப்பு இல்லை. குழந்தை மேம்பாடு, தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொன்றிலும் முப்பது. 90 வாங்கிவிட்டால் எந்தப் பிரிவினருக்கும் கவலையில்லை. மூன்றாம் வகுப்புக்குத் தினமும் நடத்துவதால் தமிழும் சூழ்நிலையியலும் கையில் இருக்கின்றன. குழந்தை மேம்பாட்டில் வரும் பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பெர்க் என்ற உளவியல் அறிஞர்கள் மூவரையும்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். கணக்கில் நேரம் போய்விடும் என்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வேன். விடியற்காலை படிப்புக்கு; ஆவணியில் இரண்டு நாள் தற்செயல் விடுப்பு போட்டால் விசேஷத்துக்குப் போதும்.

இந்த விசேஷத்துக்காகக் கடன் மட்டும் வேண்டாம். 2003-க்குப் பிறகு சேர்ந்த நாங்கள், பழைய ஆட்கள் ஜி.பி.எஃப். என்ற வைப்பு நிதியில் முன்பணம் எடுத்த மாதிரி எடுக்க முடியாது. வேலை நிச்சயமில்லாத வருஷத்தில் தவணையும் சேர்ந்தால் படிப்பு ஓடாது. மண்டபம், மேடை அலங்காரம், டிரோன் வீடியோ எல்லாம் விடு. திருக்கடையூர் அபிராமி கோயிலில் செய்வோம், நெருங்கிய சொந்தம் மட்டும்.

ஆவணி முகூர்த்த மாசம், கூட்டம் நெரியும், அதனால் அங்கே செய்துவைக்கும் வாத்தியாரிடம் இப்போதே பேசு. எத்தனை கலசம், எத்தனை வாத்தியார்கள், ஹோம சாமான் யார் பொறுப்பு, கோயிலுக்குக் கட்டும் கட்டணம் தனியா என்று நான்கையும் எழுதி வாங்கிக்கொள். கலசம் கூடக்கூடத்தான் செலவு ஏறும்; குறைந்த கலசத்தில் செய்தாலும் சங்கல்பமும் ஆயுஷ்ய ஹோமமும் முறையாக நடக்கும். முந்தின ராத்திரியே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

கலச அபிஷேகத்துக்கு எங்கள் தலைக்கு மேல் சல்லடையைப் பிடிப்பார்கள். நீயும் மாப்பிள்ளையும் குடத்தை மெதுவாகச் சாய்த்து, சல்லடை முழுக்கப் பரவ ஊற்றுங்கள். அவசரத்தில் ஓரமாகக் கவிழ்த்தால் தண்ணீர் மொத்தமாக உச்சியில் விழும், அப்பாவுக்கு மூச்சு முட்டும். அபிஷேகத்துக்கு எனக்குப் பருத்திப் புடவை, அவருக்குப் பழைய வேட்டி. பட்டும் மாமா கொண்டுவரும் வேட்டியும் தாலி கட்டும்போதுதான். பெரிய துண்டு நாலு எடுத்து வை. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றில் ஹோமப் புகையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தலை சுற்றும். டாக்டரிடம் மாத்திரை நேரத்தைக் கேட்டுக்கொள், வாத்தியாரிடமும் முன்கூட்டியே சொல்லி அவருக்கு இட்லி கொடுத்துவிடலாம்.

தாலிக்கு ஒரு கிராம் பொட்டு போதும். மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்கிறேன், சங்கிலி வாங்காதே. இத்தனை வருஷம் என் சம்பளத்தை ஒரு நாளும் கணக்குக் கேட்காத மனுஷன் அவர். நான் பாடக்குறிப்பு எழுதும் ராத்திரியெல்லாம் சமையல்கட்டை ஒதுக்கிவைத்தவர். அவர் கையால் இன்னொரு தாலி கட்டிக்கொள்ளும் சந்தோஷத்தை எந்தத் தேர்வுக்காகவும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நாளைக் குறித்துச் சொல். திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் விடுப்புக் கடிதம் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா