கணக்கேட்டில் யார் பெயர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனக் கிராமப் பெண்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வீட்டுக்குள் இருந்த பெண்களை வயலுக்கு அழைத்து வந்தது கம்யூனிச அரசின் பெரிய சாதனை என்கிறார் கட்டுரையாளர். சிறுமிகளின் பாதங்களை வளரவிடாமல் இறுகக் கட்டும் வழக்கம் நிலவிய ஒரு நாட்டில் அது சாதனைதான் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால், அப்படி வந்த பெண்ணின் உழைப்பு என்ன மதிப்பில், யார் பெயரில் கணக்கேட்டில் எழுதப்பட்டது என்ற கேள்வியைக் கட்டுரை தொடவே இல்லை.

ஷான்சி மாகாணத்து மலைக்கிராமமான ஷீகோவில், 1950களின் தொடக்கத்தில், கூட்டுறவுப் பண்ணையில் ஒரு நாள் வேலைக்கு ஆணுக்கு 10 புள்ளியும் பெண்ணுக்கு 5 புள்ளியும் எழுதினார்கள். அறுவடைக்குப் பின் தானியமும் பணமும் இந்தப் புள்ளிக் கணக்கின்படியே பங்கிடப்பட்டன. அவ்வூரைச் சேர்ந்த ஷென் ஜிலான் என்ற இளம்பெண் மற்ற பெண்களைத் திரட்டி, வயலுக்கு எரு இறைப்பதில் ஆண்களோடு போட்டியிட்டு, பெண்கள் எவ்விதத்திலும் பின்தங்கியவர்கள் அல்லர் என்று காட்டிய பிறகே சம வேலைக்குச் சமப் புள்ளி கிடைத்தது. அவர் 1954இல் கூடிய முதல் தேசிய மக்கள் காங்கிரசிலிருந்து (சீன நாடாளுமன்றம்) 2020இல் மறையும்வரை தொடர்ந்து அதன் உறுப்பினராக இருந்தார். நாடே அவரைப் போற்றியது; ஆயினும் அவர் வென்றெடுத்த சமப் புள்ளி பெரும்பாலான கிராமங்களை எட்டவில்லை என்பதே எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

1958இல் பல கூட்டுறவுப் பண்ணைகளை ஒன்றிணைத்த மக்கள் கம்யூன்கள் அமைந்து, ஆண்கள் இரும்பு உருக்கவும் அணை கட்டவும் அனுப்பப்பட்டபோது, பயிர் வேலையின் பெரும்பகுதி பெண்கள் தலையில் விழுந்தது. பொதுச் சமையற்கூடமும் குழந்தைக் காப்பகமும் அவர்களுடைய வீட்டுச் சுமையைக் குறைக்கும் என்று சொல்லப்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்தில் சமையற்கூடங்கள் மூடப்பட்டன. வயல் வேலை மட்டும் நிலைத்தது. பகல் முழுவதும் பருத்திக்காட்டில் நின்ற பெண், இரவில் விளக்கொளியில் குடும்பத்துக்கெல்லாம் துணியும் காலணியும் தைத்தாள். அந்த இரவு வேலைக்கு எந்த ஏட்டிலும் புள்ளி கிடையாது. பகல் வேலைக்கும் பல ஊர்களில் ஆணுக்குப் பத்து என்றால் பெண்ணுக்கு ஆறு, ஏழு, மிஞ்சினால் எட்டு. ஆண்டு முடிவில் அந்தப் புள்ளிகளுக்குரிய பங்கும் குடும்பத் தலைவரின் பெயரில்தான் வழங்கப்பட்டது. உழைத்தவள் கைக்கு நேராக வரவில்லை. அரசு முன்மாதிரியாகக் காட்டிய தாஜாய் கிராமத்தின் ‘இரும்புப் பெண்கள்’ எனப்பட்ட இளம்பெண் குழுவினர் ஆண்களுக்கு இணையாகப் பாறை சுமந்ததைக் கட்டுரையாளர் வியந்து எழுதியிருக்கிறார். ஆண்கள் சமையலிலும் பிள்ளை வளர்ப்பிலும் பெண்களுக்கு இணையாக வேண்டும் என்று எந்த இயக்கமும் அதே வேகத்தில் நடத்தப்படவில்லை என்பதையும் அவர் குறிப்பிட்டிருக்கலாம்.

கம்யூன்கள் கலைந்து, 1980களில் ஊர்ப் பொது நிலம் குடும்பங்களுக்குக் குத்தகையாகப் பிரித்து வழங்கப்பட்டபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை. தலைக்கு இவ்வளவு என்று அளந்தாலும் ஒப்பந்தம் குடும்பத்தின் பெயரில்தான். பெண்ணோ திருமணமானதும் வேறு ஊருக்குப் போகிறவள். பிறந்த ஊரில் அவள் பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அல்லது அண்ணன் தம்பி உழுவார்கள். புகுந்த ஊரிலோ, 1990களில் இரண்டாம் சுற்றாகப் போட்ட 30 ஆண்டு ஒப்பந்தம் முடியும்வரை புதிதாக வந்தவருக்குப் பிரித்துக் கொடுக்க நிலமில்லை என்பார்கள். மணவிலக்குப் பெற்றவளின் நிலை இதைவிடக் கடினம். ஆண்கள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட, எத்தனையோ ஊர்களில் பயிர் செய்து நிலத்தைக் காத்தவர்களே இப்படி நிலமற்றவர்கள் ஆனார்கள்.

புகுந்த ஊரில் நிலம் கிடைக்காத பெண்ணின் பழைய பங்கைப் பறிக்கக்கூடாது என்று 2003இல் நடைமுறைக்கு வந்த நிலக்குத்தகைச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் ஊர்க்கூட்டத்தின் பெரும்பான்மை முடிவு என்ற பெயரில் ‘வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள்’ தொடர்ந்து விலக்கப்பட்டார்கள். 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த கிராமக் கூட்டுப் பொருளாதார அமைப்புகள் (நிலம் போன்ற ஊர்ப் பொதுச் சொத்தை நிர்வகிப்பவை) சட்டம், திருமணத்தையோ மணவிலக்கையோ காரணம் காட்டிப் பெண்ணின் உரிமையைப் பறிக்கக்கூடாது என்று மீண்டும் கூறியிருக்கிறது.

இரண்டாம் சுற்றுக் குத்தகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை 2027, 2028ஆம் ஆண்டுகளில் முடிவடைந்து, மேலும் 30 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்படவுள்ளன. அப்போது அந்தப் பத்திரங்களில் மனைவியின் பெயரும் மகளின் பெயரும் எழுதப்படுகின்றனவா என்பதைப் பற்றித் தாங்கள் மற்றொரு கட்டுரை வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருவாரூர்.