கர்ப்பிணியிடம் கேட்கப்படாத கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

குடியால் நேரும் வீதி விபத்து, குடும்பச் சண்டை, கசிப்புப் பிடிபட்ட செய்தி எல்லாம் தங்கள் பத்திரிகையில் தவறாமல் வருகின்றன. கர்ப்பிணி குடித்தால் வயிற்றிலுள்ள பிள்ளைக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் எழுதுவதில்லை. எங்கள் பெண்கள் குடிப்பதில்லை என்ற ஒரே பேச்சில் விடயம் மூடப்பட்டுவிடுகிறது.

நெடுங்காலம் முன்பள்ளியில் படிப்பித்த எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. "உடம்புக்குக் குளிர்ச்சி, ஒரு மிடறு குடி பிள்ளை" என்று வயிற்றுப்பிள்ளைக்காரிக்குப் பனங்கள்ளை நீட்டும் பெரியவர்களைக் கண்டிருக்கிறேன். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கும், புளிக்காத கருப்பநீர் (பதநீர்) வேறு. சுண்ணாம்பில்லாமல் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும் கள்ளு வேறு. சாராயத்தில் உள்ள அதே மதுசாரம்தான் கள்ளிலும் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

தாயின் இரத்தத்தில் ஏறும் மதுசாரம் தொப்புள்கொடி வழியே பிள்ளைக்கும் போகிறது. அதை உடைத்து வெளியேற்றும் வலு பிள்ளையின் ஈரலுக்கு இன்னும் வந்திருக்காது. மூளைக் கலங்கள் இடம் நகர்ந்து ஒன்றோடொன்று இணையும் அந்தக் காலத்தில் ஏற்படும் சேதம் பின்னாளில் வலிப்பாகவும் வெளிப்படலாம். வயிற்றில் இருக்கும்போதே மதுசாரத்தால் பாதிக்கப்பட்ட 425 பேரைப் பற்றிக் கனடாவில் செய்த ஆய்வு 2010 இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ 6 வீதமானோருக்கு வலிப்பு நோய் இருந்தது. வேறு 12 வீதமானோருக்கு ஒரு முறையாவது வலிப்பு வந்திருந்தது. பொதுமக்களில் வலிப்பு நோய் உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான்.

எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி பாட்டின் நடுவே தூக்கிய கையோடு சில நொடி அப்படியே நின்றுவிடுவாள். விளையாட்டுப் புத்தி என்று ஏச்சு வாங்குவாள். அதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம் என்று எவரும் நினைக்கவில்லை. பிறகொரு நாள் விழுந்து துடித்தபோது ஒருவர் கையில் திறப்புக் கோர்வையைத் திணித்தார், இன்னொருவர் வாய்க்குள் கரண்டியை வைக்கப் போனார். இரண்டும் கூடாது. பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்தி, தலைக்கு மெதுவாக ஏதாவது வைத்து, நேரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும்.

வலிப்புக்குக் காரணங்கள் பல. மதுவும் ஒன்றாக இருக்கலாமா என்று வைத்தியர் யோசிப்பதற்கு, தாய் கர்ப்பத்தில் குடித்ததை யாராவது சொல்லியிருக்க வேண்டும். மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் மறைந்திருப்பது போன்ற முக அடையாளங்கள், மதுவால் பாதிக்கப்பட்ட பெரும்பாலான பிள்ளைகளில் இருப்பதில்லை. மாமியாரும் கணவரும் பக்கத்தில் நிற்க, "கர்ப்பத்தில் குடித்தீர்களா?" என்று வருடங்கள் கழித்துக் கேட்டால் எந்தத் தாய் வாய் திறப்பாள்?

ஆகவே சுகாதார வைத்திய அதிகாரிகளிடம் என் வேண்டுகோள் இது: குடும்பநல உத்தியோகத்தர் முதல் சந்திப்பிலேயே, கர்ப்பிணியைத் தனியாக வைத்து, ஏழை பணக்காரர் பாராமல் எல்லோரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கட்டும். பதில் எதுவானாலும் ஏசாமல் குறித்து, அந்தரங்கமாகப் பேணி, பிள்ளையைப் பார்க்கும் வைத்தியருக்குக் கிடைக்கச் செய்யட்டும்.

ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை,
கோண்டாவில்.