இலவசத்தின் எல்லையை எண்ணில் சொல்லுங்கள்: ஹோஸ்டிங் நிறுவனங்களுக்குக் கோத்தகிரியிலிருந்து ஒரு மடல்

இலவசமாக இணையதளம் நடத்த இடம் தரும் கிளவுட் ஹோஸ்டிங் நிறுவனங்களுக்கு,

வணக்கம். இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. நீங்கள் தருவதே பெரிய விஷயம். எங்கள் மலையில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் பலர் தங்கள் முதல் தளத்தை உங்கள் இலவசத் திட்டத்தில்தான் போட்டார்கள், நானும் அப்படித்தான். எல்லை வையுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அது எங்கே இருக்கிறது, அதைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எண்ணில் சொல்லுங்கள்.

நாங்கள் சில பேர் சேர்ந்து கோத்தகிரியில் ஒரு சின்னத் தளம் நடத்துகிறோம். எங்கே மண் சரிந்திருக்கிறது, குன்னூர் - மேட்டுப்பாளையம் ரோடு திறந்திருக்கிறதா, வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பி விடுகிறார்களா, மலை ரயில் ஓடுமா, பள்ளிக்கு லீவா, இவ்வளவுதான் அதில் இருக்கும். விளம்பரம் கிடையாது, யாரிடமும் காசு வாங்குவதும் கிடையாது. சாதாரண நாளில் அதை எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. வடகிழக்குப் பருவமழை ஒரு ராத்திரி விடாமல் கொட்டிவிட்டால் போதும், விடிந்ததும் கேரட் லாரிக்காரர், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர், பரீட்சைக்குப் போக வேண்டிய பிள்ளை எல்லாரும் ஒரே நேரத்தில் அதைத் திறப்பார்கள்.

அப்படி ஒரு காலையில்தான் எங்கள் தளத்தை நிறுத்தினார்கள். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை, அது இப்போது முக்கியமும் இல்லை. 'உங்கள் பயன்பாடு நியாயமான அளவைத் தாண்டிவிட்டது' என்று ஒரு மெயில் வந்தது. அளவு எவ்வளவு, நாங்கள் எவ்வளவு தாண்டினோம், எப்போது திரும்பத் திறப்பீர்கள், ஒன்றும் அதில் இல்லை. பதில் போட்டோம், அதற்குத் தானாக வரும் பதில்தான் வந்தது. தளம் மீண்டும் திறந்தபோது ரோட்டில் ஜேசிபி மண்ணை அள்ளி முடித்து பஸ்ஸே ஓட ஆரம்பித்துவிட்டது.

வருஷக் கணக்கைப் பார்த்தால் எங்கள் தளம் உங்கள் சர்வருக்கு ஒரு சுமையே இல்லை. ஆனால் எங்கள் ஊர் மழை வருஷம் முழுக்கப் பிரித்துப் பெய்வதில்லையே, 2019 ஆகஸ்டில் எங்கள் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மழை அப்படி வந்தால் தளத்தைப் பார்க்கிறவர்களும் அப்படித்தான் வருவார்கள். திடீரென்று ஏறும் எண்ணிக்கையை எல்லாம் தாக்குதல் என்று எடுத்துக்கொள்ளும் விதி, வருஷத்தில் எங்களுக்குத் தளம் தேவைப்படும் அந்த இரண்டு மூன்று நாளில்தான் எங்களை நிறுத்துகிறது. தேவையில்லாத மாதங்களில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால், தளத்தின் தகவல்களைச் சேர்த்து வைக்கும் இலவச டேட்டாபேஸை நிறுத்திவைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இங்கே பிப்ரவரி, மார்ச்சில் வானம் வெளுத்துக் கிடக்கும், தளத்துக்கு வேலையே இருக்காது. ஏப்ரலில் காற்றோடு முதல் மழை அடித்துக் கரண்ட் போய், டவரும் பேட்டரியில் திணறும் நேரத்தில் யாராவது ஒருவர் டாஷ்போர்டுக்குள், அதாவது கணக்கை நிர்வகிக்கும் பக்கத்துக்குள் போய் ஒரு பட்டனை அழுத்தி டேட்டாபேஸை எழுப்ப வேண்டும். ஆனாலும் இந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை, ஏனென்றால் அதை எழுதி வைத்திருக்கிறார்கள், நாங்களும் அதற்கு ஏற்றபடி ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

எழுதி வைப்பது முடியாத காரியமும் இல்லை, உங்களில் சிலரே அதைச் செய்கிறார்கள். கிட்ஹப் பேஜஸ் தளத்துக்கு 1 ஜிபி, மாதத்துக்கு 100 ஜிபி பேண்ட்வித் (பார்க்கிறவர்களுக்கு அனுப்பும் தரவின் அளவு) என்று எண்ணோடு சொல்கிறது. 15 நிமிடம் யாரும் வராவிட்டால் இலவச சர்வர் தூங்கிவிடும் என்று ரெண்டர் சொல்கிறது. கிளவுட்ஃப்ளேர் வொர்க்கர்ஸில் ஒரு நாளைக்கு 1,00,000 கோரிக்கை (சர்வருக்கு வரும் அழைப்பு), கணக்கு நம் நேரப்படி காலை 5.30க்குப் புதிதாகத் தொடங்கும். ஹெரோக்கு 2022 நவம்பரில் இலவசத்தையே மூடியது, பலருக்கு வலித்தது, ஆனால் ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டதால் மூட்டை கட்ட நேரம் கிடைத்தது.

இதற்கு நேர்மாறாக, 2024இல் நெட்லிஃபையின் இலவசத் திட்டத்தில் இருந்த ஒருவருக்கு 1,00,000 டாலரைத் தாண்டிய பில் போனது. செய்தி பரவிய பிறகு அந்த நிறுவனம் அதைத் தள்ளுபடி செய்தது, சரி. ஆனால் அதைப் படித்த ஒரு கல்லூரிப் பிள்ளை தன் அப்பாவின் கார்டு நம்பரை எந்தத் தைரியத்தில் உங்களிடம் கொடுப்பான்? பச்சைத் தேயிலை விலையை நம்பி மாதத்தை ஓட்டும் வீடுகள் இவை.

எங்கள் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் இருக்கிறது. 2025 சீசனுக்கு நீலகிரியில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் எண்ணையே சொன்னது. உள்ளூர் வண்டி, பஸ், காய்கறி வண்டிக்கு விலக்கும் கொடுத்தது. பிடிக்கிறதோ இல்லையோ, வருகிறவருக்குக் கிளம்பும் முன்பே விவரம் தெரியும். மலையடிவாரக் கல்லாறில் வைத்து 'அளவுக்கு மீறி வந்துவிட்டீர்கள்' என்று யாரும் மறிக்க மாட்டார்கள்.

நீங்களும் அதைச் செய்யலாம். முக்கால்வாசி ஆனதும் ஒரு மெயில் அனுப்புங்கள். தாண்டிவிட்டால் தளத்தை நிறுத்துங்கள், தயவுசெய்து பில் போடாதீர்கள். நிறுத்திய பிறகும் எங்கள் தரவை இறக்கிக்கொள்ள வழி விடுங்கள், ஐந்து வருஷ மண்சரிவுப் பதிவு அதில் இருக்கிறது, வேறு எங்கும் இல்லை. தளங்களில் இருப்பதை அள்ள வரும் பாட்களை (தானியங்கி நிரல்களை) மனிதர்களோடு சேர்த்து எங்கள் கணக்கில் எழுதாதீர்கள். அப்புறம், காசு கட்டத் தயாராக இருப்பவரிடம் யுபிஐயில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ரூபே கார்டைப் பல இடங்களில் எடுப்பதே இல்லை.

அக்டோபரில் மழை தொடங்கிவிடும். அதற்குள் தளத்தை எங்கே வைப்பது என்று நாங்கள் முடிவு செய்தாக வேண்டும், விதிப் பக்கத்தில் எண் எழுதியிருக்கும் இடத்துக்குத்தான் போகப் போகிறோம்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து உங்கள் பயனர் ஒருவர்