கடைக் கம்ப்யூட்டரில் ஏன் பழைய பதிப்பு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தபோது முதலாளி அண்ணாச்சி கேட்டார்: "ஏன் தம்பி, என் மகன் லேப்டாப்ல எல்லாம் புதுசு புதுசா வருது. நம்ம கடைக்கு மட்டும் பழசையே போட்டு வச்சிருக்கியளே?" நியாயமான கேள்வி. தீபாவளிக் கூட்டமும் ஓய்ந்துவிட்டதால், எல்லாருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறோம்.

உங்கள் கடைக் கம்ப்யூட்டர்களை இயக்கும் அடிப்படை மென்பொருள் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) டெபியன் லினக்ஸ். அதில் மென்பொருள்கள் பேக்கேஜ் என்ற பொதிகளாக, அவற்றை இறக்கிப் பொருத்தும் ஆப்ட் என்ற பேக்கேஜ் மேனேஜர் வழியாக வருகின்றன. எந்தக் கிளையிலிருந்து, அதாவது எந்தத் தொகுப்பிலிருந்து, எடுக்க வேண்டும் என்று அதற்கு நாம் சொல்லிவைக்கிறோம். புதிய பதிப்பு முதலில் இறங்கும் இடம் அன்ஸ்டேபிள். அங்கே சில நாள் பெரிய கோளாறு இல்லாமல் தாங்கினால் டெஸ்டிங்குக்குப் போகும். சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டெஸ்டிங்கில் புதியது வருவதை நிறுத்தி, பிழைகளைக் களைந்து, ஸ்டேபிள் என்று வெளியிடுவார்கள். அறுத்த கையோடு அரைத்த பிசான அரிசி சோறு குழைகிறது என்று நாள்பட வைத்திருந்து பொங்குகிறோமே, அந்த மாதிரி.

ஸ்டேபிள் என்றால் அப்டேட்டே வராது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், அதற்கான திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே சேர்த்துத் தருகிறார்கள். அதனால் எண் பழையதாகவே தெரியும். கடைசியில் 'டெப்12யு2' என்பது போல ஒரு வால் மட்டும் ஒட்டியிருக்கும். பில் திரையில் பொத்தான் இடம் மாறாது, ஓட்டை அடைபட்டுவிடும். உங்கள் கம்ப்யூட்டர்களில் இது தானாகவே நடந்துகொண்டிருக்கிறது.

புதியதுதான் பாதுகாப்பு என்பதும் எப்போதும் சரியல்ல. 2024 மார்ச் கடைசியில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக்கதவு வைத்திருந்தது வெளிப்பட்டது. தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைவதற்கு அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால் மாட்டியது. டெபியனின் அன்ஸ்டேபிளுக்கும் டெஸ்டிங்குக்கும் அது வந்து சேர்ந்திருந்தது. ஸ்டேபிளுக்கு வரவில்லை.

எங்களுக்கே பட்ட அனுபவமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் புது பிரிண்டர் ஓடவில்லை என்று ஒரே ஒரு பேக்கேஜை டெஸ்டிங்கிலிருந்து எடுத்தோம். அது, ஏறக்குறைய எல்லா மென்பொருளும் நம்பியிருக்கும் லிப்சி என்ற அடிப்படைப் பகுதியின் புதிய பதிப்பையும் கேட்டது, அப்புறம் அதையொட்டி இன்னும் பல. பிரிண்டர் ஓடியது. மறுநாள் காலை பில்லிங் டேட்டாபேஸ் எழும்பவில்லை. ஏற்றிய பதிப்பை இறக்க டெபியனில் முறையான வழி கிடையாது. எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட சாயங்காலம் ஆனது. அதுவரை கடைக்கார அக்கா கையால்தான் பில் எழுதினார்கள். தவறு எங்களுடையது.

இப்போது புதியது தேவைப்பட்டால் பேக்போர்ட்ஸ் என்ற தனித் தொகுப்பிலிருந்து, அந்த ஒன்றை மட்டும் எடுக்கிறோம். அது ஸ்டேபிளுக்கென்றே கட்டித் தரப்படுவது. புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் ஸ்டூடியோக்காரர்களுக்குப் பெரும்பாலும் இது போதும்.

அண்ணாச்சியின் மகன் டெஸ்டிங் ஓட்டுவதில் தப்பே இல்லை. சொந்த லேப்டாப்பில் பழுதானால் அவரே சரிசெய்துகொள்வார். அப்படிப்பட்டவர்கள் பிழையைக் கண்டு சொல்வதால்தான் நமக்கு நல்ல ஸ்டேபிள் கிடைக்கிறது. கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் யாரையும் புதிய கிளையைச் சேர்க்க விடாதீர்கள்.

2025 ஆகஸ்டில் அடுத்த ஸ்டேபிளாக டெபியன் 13 வந்துவிட்டது. முதலில் எங்கள் கடையிலேயே ஓட்டிப் பார்க்கிறோம். பொங்கல் கழிந்ததும் 12-இல் இருக்கும் உங்கள் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக மாற்றித் தருவோம். அரை நாள் ஆகும், கணக்கை முதலில் பேக்கப் எடுத்துவிடுவோம். கடைக்கு விடுமுறை எந்தக் கிழமை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையினர்
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி